ஒரு வீட்டுக்கு ஓர் அட்டை

நியூயார்க் நகரில் மன்ஹாட்டனின் பழைய ஒண்டுக்குடித்தனக் கட்டடங்களுக்கு, வீட்டுக்கு ஒன்றாக, நகர நிர்வாகம் எழுதி வைத்த அட்டைகள் உண்டு. ‘ஐ-கார்டு’ என்பார்கள். அதில் முதலில் கண்ணில் படுவது ஒரு கோட்டுப்படம். மனையின் நீள அகலம், அதில் கட்டடம் அடைத்துக்கொண்ட இடம், பின்முற்றம் எத்தனை அடி, பக்கத்துக் கட்டடத்துக்கும் இதற்கும் நடுவே காற்றுக்கென்று விட்ட ஷாஃப்ட் எத்தனை அங்குலம் என்று எல்லாம் கையால் வரைந்து அளவு குறித்திருக்கும். அதையொட்டிக் கட்டம் கட்டமாக விவரங்கள்: எத்தனை மாடி, மாடிக்கு எத்தனை குடித்தனம், குடித்தனத்துக்கு எத்தனை அறை, கழிப்பறை வீட்டுக்குள்ளா, நடையிலா, முற்றத்திலா. வீட்டுக்காரர் பெயர் இருக்கும். பல வருஷம் கழித்து வந்த இன்னொரு இன்ஸ்பெக்டர் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண்ணை எழுதியிருப்பார். அங்கே குடியிருந்தவர்களில் ஒருவர் பெயர்கூட இருக்காது.

வரலாறு எழுதுவதற்காக யாரும் இதை எழுதவில்லை. வீட்டுக்காரரை வழிக்குக் கொண்டுவர எழுதினார்கள். அறைக்கு ஜன்னல் இல்லை என்று இன்ஸ்பெக்டர் சொல்வார், இருக்கிறது என்று வீட்டுக்காரர் சாதிப்பார். அந்த நேரத்தில் நீதிபதி முன் வைப்பதற்குத் தேதியும் அளவும் போட்ட ஒரு தாள் வேண்டும். நூறு வருஷம் கழித்து ஒரு வரலாற்றாசிரியர் அதே தாளை நம்பிக்கையோடு கையிலெடுப்பதற்கும் அதுதான் காரணம். மறுத்துப் பேச ஒருவர் எதிரே நிற்கிறார் என்று தெரிந்து எழுதியவர்கள் அங்குலம் பிசகாமல் எழுத வேண்டியிருந்தது. இந்த ஆவணத்தின் மதிப்பு அது பிறந்த சண்டையிலிருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆகவே அந்தச் சண்டையின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

தொடக்கம் ஒரு தீ விபத்து. 1860 பிப்ரவரி 2 அன்று எல்ம் தெருவில் 142-ஆம் எண் கட்டடம் பற்றிக்கொண்டது. ஆறு அடுக்கு, உள்ளே ஏகப்பட்ட குடும்பங்கள். கீழே ரொட்டிக் கடையில் பிடித்த தீ மாடிப்படி வழியாக மேலே ஏறியது. தீயணைப்பு வீரர்களின் ஏணி மேல்மாடிகளுக்கு எட்டவில்லை. சுமார் 20 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதே ஆண்டு ஏப்ரலில் மாநிலச் சட்டசபை ஒரு சட்டம் போட்டது: எட்டுக் குடும்பங்களுக்கு மேல் இருக்கும் புதுக் கட்டடத்தில் தீப்பிடிக்காத மாடிப்படியோ வெளிப்புற இரும்பு ஏணியோ இருந்தாக வேண்டும். இன்று நியூயார்க் என்றதும் நினைவுக்கு வரும், வீட்டு முகப்பெல்லாம் தொங்கும் அந்தக் கறுப்பு இரும்பு ஏணிகளுக்கு விதை அங்கே விழுந்தது. 1862இல் கட்டடங்களை ஆய்வு செய்யத் தனித் துறை ஒன்றும் வந்தது.

அந்தத் துறை 1866 முதல் பதிவேடு எழுதத் தொடங்கியது. புதுக் கட்டட விண்ணப்பங்களுக்கு ஒரு பேரேடு, மாற்றிக் கட்டும் விண்ணப்பங்களுக்கு வேறொன்று. வருஷத்துக்கு வருஷம் வரிசை எண் ஒன்றிலிருந்து தொடங்கும். விரித்தால் இரண்டு பக்கங்களையும் தாண்டி ஓடும் ஒரே வரியில் எல்லாம் அடங்கும்: இடம், உரிமையாளர், பிளான் போட்டவர், கட்டுபவர், அளவு, மாடி, சுவர் எதனால், கூரை எதனால், மதிப்பிட்ட செலவு. நியூயார்க்கில் ஒரு பழைய கட்டடத்துக்கு வயது கேட்டால் இன்றும் பதில் அந்த வரிசை எண்ணிலிருந்துதான் வருகிறது. நகரத்தின் புராதனக் கட்டடங்களைப் பாதுகாக்கும் ஆணையம் ஒரு தெருவைப் பட்டியலில் சேர்க்கும்போது வெளியிடும் அறிக்கையில், வீட்டுக்கு வீடு ‘என்.பி.’ என்ற இரண்டெழுத்தோடு எண்ணும் ஆண்டும் நிற்பதைப் பார்க்கலாம். என்.பி. என்றால் புதுக் கட்டடம்.

ஆனால் பேரேடு பார்ப்பது கட்டப்போகும் வீட்டை. கட்டி முடித்துக் குடிவந்த பிறகு அதே வீட்டில் என்ன நடக்கிறது என்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. மூன்று அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், முற்றத்துக் கழிப்பறை நிரம்பி வழிகிறதா என்பதெல்லாம் பேரேட்டில் ஏறாத சங்கதிகள்.

அதைப் பார்க்க முதலில் இறங்கியவர்கள் டாக்டர்கள். 1864இல் ஒரு குடிமக்கள் சங்கம் நகரத்தைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவரை அனுப்பி, வீடு வீடாக ஏறி இறங்கச் செய்தது. 1865இல் அறிக்கை புத்தகமாக வந்தது. அந்த வேலையின் நடுநாயகம் ஸ்டீஃபன் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். அவர் பின்னாளில் சொன்ன ஒரு சம்பவம் என் மனத்தைவிட்டுப் போகாதது. டைஃபஸ் காய்ச்சலில் வந்த நோயாளிகளின் விலாசங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர், கிழக்கு 22-ஆவது தெருவில் ஒரே வீட்டிலிருந்து நூறு பேருக்கு மேல் வந்திருப்பதைக் கவனித்தார். நேரில் போனார். வீடு சீரழிந்து கிடந்தது. கீழ்த்தளத்தில் கழிவு தேங்கியிருந்தது. வீட்டுக்காரர் யார் என்று கண்டுபிடிக்கவே பாடுபட வேண்டியிருந்தது. கண்டுபிடித்தபோது அவர் வேறு வட்டாரத்தில் வசதியாக வாழ்ந்த செல்வந்தர். காலி செய்யவோ செப்பனிடவோ சொல்ல எந்தச் சட்டமும் இல்லை என்று போலீஸ் கையை விரித்தது. கடைசியில் பத்திரிகையாசிரியர் வில்லியம் கல்லன் பிரையன்ட் பெயரைப் போட்டுவிடுவார் என்ற பயத்தில்தான் அந்த மனிதர் பணிந்தார்.

பின்னால் வந்த அட்டையின் விதை எனக்கு இந்தச் சம்பவத்தில் தெரிகிறது. நோயாளிகளின் விலாசம் ஆஸ்பத்திரிப் பதிவில் இருந்தது. உரிமையாளரின் பெயர் வேறெங்கோ இருந்தது. வீட்டின் நிலை ஒருவர் நேரில் பார்த்தால்தான் தெரியும். மூன்றையும் ஒரே தாளில் சேர்க்க ஆளில்லை.

1866இல் சுகாதார வாரியம் வந்தது. 1867இல் முதல் ஒண்டுக்குடித்தனச் சட்டம் வந்தது: 20 பேருக்கு ஒரு கழிப்பறையாவது இருக்க வேண்டும், இன்னும் இப்படிச் சில. இருட்டறைகளுக்கு 46,000-க்கும் அதிகமான ஜன்னல்கள் வெட்டச் சொல்லி வாரியம் உத்தரவு போட்டதாகப் பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ் எழுதுகிறார். 1879இல் இன்னொரு சட்டம். அந்த ஆண்டு ஒரு பிளம்பர் பத்திரிகை நடத்திய போட்டியில் பரிசு பெற்ற ஜேம்ஸ் வேரின் வரைபடம்தான் அடுத்த இருபது வருஷத்துக்கு நகரத்தின் தலையெழுத்தானது. 25 அடி அகல மனை, முன்னும் பின்னும் அகன்று, இடுப்பில் ஒடுங்கிய கட்டடம். அந்த ஒடுக்கத்தில் பக்கத்துக்கு 28 அங்குலம் ஷாஃப்ட். வெளிச்சம் வரும் என்று நம்பி விட்ட இடத்தில் குப்பை விழுந்தது, நாற்றம் ஏறியது, தீப்பிடித்தால் அதுவே புகைபோக்கியானது. மாடிக்கு 14 அறை என்றால் தெருவையும் முற்றத்தையும் பார்த்த நான்கு அறைகள் தவிர மற்றவை அந்த ஷாஃப்டை நம்பித்தான் இருந்தன.

சட்டங்கள் இருந்தன, அவற்றுக்குக் கண் இல்லை. சுவரைக் கட்டடத் துறை பார்த்தது, சாக்கடையைச் சுகாதாரத் துறை பார்த்தது. ஒரு துறைக்குத் தெரிந்தது இன்னொன்றுக்குத் தெரியாது. நூற்றாண்டு முடியும்போது பெருநகரில் இருந்த ஒண்டுக்குடித்தனக் கட்டடங்கள் 82,652. அவற்றில் வாழ்ந்தவர்கள் 23 லட்சத்துக்கு மேல். ஜன்னலில்லாத உள்ளறைகள் சுமார் 3,50,000. இந்தக் கூட்டத்தில் எந்த வீடு சட்டத்தை மீறுகிறது என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கேள்விக்கு விடை வைத்திருந்தவர் லாரன்ஸ் வெய்லர். 1872இல் பிறந்தவர். சீர்திருத்தவாதி மேயர் ஸ்ட்ராங் காலத்தில் கட்டடத் துறையில் பிளான் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். இந்த ஒரு விவரத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். ரீஸ் கேமராவோடு சந்துகளில் நுழைந்தவர், படிப்பவர் நெஞ்சை உருக்க எழுதியவர். வெய்லர் மேசையில் உட்கார்ந்து வரைபடங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர். விதியில் ஓட்டை எங்கே, பிளானில் காட்டியதைக் கட்டும்போது எப்படி மாற்றுவார்கள், எந்தத் தாள் எந்த அலமாரியில் தொலையும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஏழைகள் மேல் இரக்கப்பட்டவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ஃபைலின் போக்கு தெரிந்து இரக்கப்பட்டவர் அரிது.

1898இல் ‘சாரிட்டி ஆர்கனைசேஷன் சொசைட்டி’ என்ற அமைப்பில் ஒண்டுக்குடித்தனக் குழு ஒன்றை ஏற்படுத்த வைத்து, அதன் செயலாளரானார். 1900 பிப்ரவரியில் ஐந்தாவது அவென்யூவில், பணக்காரர்கள் கோச்சு வண்டியில் வந்து இறங்கும் இடத்தில், ஒரு கண்காட்சி வைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட வரைபடங்கள், அட்டையில் செய்த மாதிரிகள். வரைபடங்களை அவர் தயாரித்த விதம் எளியது, ஆனால் தப்ப வழியில்லாதது. தெருத்தெருவாக ஒவ்வொரு வீட்டின் உருவமும் வரைந்த தாள். ஒரு தொகுதியில் காசநோயாளி ஒருவருக்கு ஒரு கறுப்புப் புள்ளி, அந்த வீட்டின் மேலேயே. இன்னொரு தொகுதியில் உதவி கேட்டு விண்ணப்பித்த ஐந்து குடும்பங்களுக்கு ஒரு புள்ளி. இரண்டையும் அருகருகே மாட்டினார். புள்ளியில்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டியிருந்தது.

நடுவில் ஒரு மாதிரி. கிறிஸ்டி, ஃபார்சைத், கனால், பேயார்ட் ஆகிய நான்கு தெருக்களுக்கு நடுவே கிடந்த ஒரே ஒரு பிளாக்கை அளவு மாறாமல் அட்டையில் செய்து வைத்திருந்தார்கள். 39 கட்டடங்கள், 605 குடித்தனங்கள், 2,781 பேர். அதில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 466. கழிப்பறைகள் 264. குளியலறை ஒன்றுகூட இல்லை. வெந்நீர் வசதி 40 குடித்தனங்களுக்கு. வெளிக்காற்றே படாத அறைகள் 441. குறுகிய ஷாஃப்டை மட்டும் நம்பியிருந்தவை 635. ஆண்டு வாடகை வசூல் 1,13,964 டாலர். கடைசி எண்ணையும் அதே பலகையில் போட்டதில்தான் வெய்லரின் சாமர்த்தியம் இருக்கிறது. அதைப் படித்தவர் யாரும் ‘பாவம், இவர்கள் ஏழைகள்’ என்று சொல்லிவிட்டு நகர முடியவில்லை. அந்த இருட்டிலிருந்து யாருக்கோ நல்ல வருமானம் வந்துகொண்டிருந்தது.

ஆளுநர் தியடோர் ரூஸ்வெல்ட் வந்து பார்த்தார். ஆணையம் ஒன்று அமைந்தது. தலைவர் வழக்கறிஞர் ராபர்ட் டி ஃபாரஸ்ட், செயலாளர் வெய்லர். 1901 ஏப்ரல் 12 அன்று அடுத்த ஆளுநர் ஓடெல் சட்டத்தில் கையெழுத்திட்டார். மூன்று குடும்பமோ அதற்கு மேலோ தனித்தனியாகச் சமைத்து வாழும் வாடகை வீடெல்லாம் அதன் கீழ் வந்தது. புதுக் கட்டடம் மனையில் எழுபது சதவீதத்துக்கு மேல் அடைக்கக் கூடாது, குடித்தனத்துக்கு ஒரு கழிப்பறை, அறைக்கு அறை வெளிப்பக்க ஜன்னல். பழைய கட்டடத்துக்குக் கொஞ்சம் இறங்கி வந்தார்கள்: இரண்டு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை, இருட்டறையிலிருந்து பக்கத்து அறைக்குக் குறைந்தது 15 சதுர அடி ஜன்னல்.

இதற்கென்று ஒரு தனித் துறையும் பிறந்தது. அதில் மூன்று பிரிவுகள்: புதுக் கட்டடத்துக்கு ஒன்று, ஆய்வுக்கு ஒன்று, மூன்றாவது பதிவேடுகளுக்கு. பதிவேடு வைப்பதைக் குமாஸ்தாவின் விருப்பத்துக்கு விடாமல், அதற்கொரு பிரிவையே சட்டத்தில் எழுதி வைத்தார்கள். 1902 ஜனவரி முதல் தேதி துறை வேலையைத் தொடங்கியது. மேயர் சேத் லோ, டி ஃபாரஸ்டை ஆணையராகவும் வெய்லரை அவருக்கு அடுத்தவராகவும் அமர்த்தினார். விதி எழுதியவர்களே விதியை அமல்படுத்த உட்கார்ந்தார்கள்.

அட்டை பிறந்தது இங்கேதான். இன்ஸ்பெக்டர் டேப்பும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்திலிருந்து மொட்டைமாடிவரை போக வேண்டும். நடையில் பகலிலாவது வெளிச்சம் வருகிறதா, மொட்டைமாடிக் கதவு உள்ளிருந்து திறக்கிறதா, தீ ஏணி கீழ்வரை வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுத வேண்டும். எண்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளுக்கும் ஒரே மாதிரிக் கட்டங்கள், ஒரே வரிசை. இப்படி எழுதியதில் ஒரு புது விஷயம் நடந்தது. ரீஸின் புகைப்படம் மோசமான ஒரு வீட்டைக் காட்டும். அட்டை மோசமானதையும் சுமாரானதையும் நல்லதையும் ஒரே கோலால் அளந்தது. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர் ஒரு தெருவையே வீடு வீடாக ஒப்பிட முடிவது இதனால்தான்.

வீட்டுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய கட்டடங்களின் முற்றத்தில் ‘ஸ்கூல் சிங்க்’ என்று ஒரு அமைப்பு இருந்தது. வரிசையாக இருக்கைகள், அடியில் நீளமான தொட்டி. எப்போதாவது தண்ணீர் விட்டுச் சாக்கடைக்குத் தள்ளுவார்கள், பாதி தேங்கியே கிடக்கும். 1903-க்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முறையான கழிப்பறை வைக்கச் சொன்னது சட்டம். கிழக்கு 39-ஆவது தெரு 332-ஆம் எண் வீட்டின் உரிமையாளர் கேட்டி மோஷன் மறுத்தார். சுகாதார வாரியமே ஒரு காலத்தில் ஏற்றுக்கொண்ட அமைப்பை இப்போது என் செலவில் பிடுங்கச் சொல்வது என் சொத்தைப் பறிப்பதாகாதா என்பது வாதம். வீட்டுக்காரர்களின் சங்கம் பின்னால் நின்றது, ஏனென்றால் இந்த ஒரு வழக்கில் ஆயிரக்கணக்கான முற்றங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. 1904இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் துறையின் பக்கம் தீர்ப்பளித்தது. 1906இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மோஷன் கேட்ட கேள்வி நியாயமற்றது என்று நான் சொல்லமாட்டேன். சிறிய உரிமையாளருக்கு அந்தச் செலவு பெரிது. ஆனால் அந்தத் தொட்டிக்குப் போய்வர மாடியிறங்கிய குழந்தைகளின் செலவை யார் கணக்கில் வைப்பது?

1904 தீர்ப்புக்குப் பிறகு உத்தரவுகள் சுவரைத் தொட்டன. ஆர்ச்சர்ட் தெரு 97-ஆம் எண்ணில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜெர்மனியிலிருந்து வந்த தையல்காரர் லூக்காஸ் குளோக்னர் 1863இல் கட்டிய வீடு. ஒண்டுக்குடித்தனச் சட்டம் எதுவும் வராத காலம், அதனால் உள்ளே குழாய் கிடையாது, கழிப்பறை பின்முற்றத்தில். குடித்தனம் ஒன்று சுமார் 325 சதுர அடி, மூன்று அறை. அதில் தெருவோ முற்றமோ பார்க்கும் அறை ஒன்றுதான். 1901 சட்டத்துக்குப் பணிந்து, 1905இல் மாடிக்கு இரண்டு கழிப்பறை வைத்தார்கள், ஷாஃப்ட் ஒன்று வெட்டினார்கள். சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுச் சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து வீட்டுக்குள்ளேயே பார்க்கும் ஜன்னல். எதற்கென்று தெரியாமல் பார்த்தால் அலங்காரமாகத் தோன்றும். அந்த 15 சதுர அடி விதியைத் தெரிந்தவருக்கு அதில் சட்டம் தெரியும், வீட்டுக்காரரின் முணுமுணுப்பும் கேட்கும். 1935இல் இன்னும் கடுமையான தீப் பாதுகாப்பு விதிகள் வந்தபோது, செலவழிப்பதைவிடக் காலி செய்வது மேல் என்று உரிமையாளர் குடித்தனக்காரர்களை வெளியேற்றிவிட்டார். கீழ்த்தளக் கடைகள் மட்டும் நடந்தன. மேல்மாடிகள் பூட்டியே கிடந்ததால் 1988இல் கண்டுபிடித்தவர்கள் அதை அப்படியே அருங்காட்சியகமாக்க முடிந்தது. சுமார் 7,000 பேர் அங்கே வாழ்ந்திருக்கலாம் என்பது மதிப்பீடு.

இந்த ஆவணங்களை வாசிக்கப் பழக வேண்டும். பேரேட்டில் இருக்கும் செலவு, விண்ணப்பம் கொடுத்த அன்று சொன்ன தொகை. அனுமதி வாங்கியதாலேயே கட்டினார்கள் என்று ஆகிவிடாது. ‘உரிமையாளர்’ என்று இருப்பவர் சில சமயம் கட்டி விற்கும் தரகர். அனுமதியில்லாமல் எழுப்பிய தடுப்புச் சுவர் எந்தத் தாளிலும் இருக்காது. ஒரு குடும்பமோ இரண்டு குடும்பமோ வாழ்ந்த தனி வீட்டுக்கு அட்டையே கிடையாது, ஆகவே நகரத்தின் வசதியான பாதி இந்த அலமாரிக்குள் வருவதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அட்டை குறையைத் தேடி எழுதியது. இருட்டு இருந்தால் எழுதும். அந்த இருட்டில் ஒரு விளக்கை ஏற்றிவைத்துத் துணி தைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவளை அது பார்க்காது. அவளைக் கண்டுபிடிக்க 1905 மாநிலக் கணக்கெடுப்பையும் 1910 தேசியக் கணக்கெடுப்பையும் அதே கதவு எண்ணில் திறக்க வேண்டும். அட்டை வீட்டைத் தரும், கணக்கெடுப்பு ஆட்களைத் தரும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போதுதான் எந்த அறையில் யார் என்று புலப்படத் தொடங்கும்.

கதவு எண்ணை நம்புவதிலும் ஒரு சிக்கல். தெருக்கள் பெயர் மாறும், அகலும், மறையும். 1860இல் தீப்பிடித்த எல்ம் தெருவே பிறகு லஃபயெட் தெருவுக்குள் போய்விட்டது. அதனால் ஆராய்ச்சியாளர்கள் விலாசத்தைவிட பிளாக் எண்ணையும் மனை எண்ணையும் பிடித்துக்கொள்கிறார்கள். 1939 முதல் 1941 வரை, வரி மதிப்பீட்டுக்காக ஐந்து வட்டாரங்களிலும் ஏறக்குறைய எல்லாக் கட்டடங்களையும் அரசு படமெடுத்தது. 7 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு படத்திலும் ஒருவர் பிளாக், மனை எண் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டிருப்பார், அல்லது பலகை ஓரமாக நிற்கும். அட்டையில் கோடாக இருந்த வீட்டுக்கு அங்கே முகம் கிடைக்கிறது. துணி காய்வதும், கடைப்பலகையும், வாசலில் நிற்கும் பையனும் என்று எல்லாமே தெரிகிறது.

பிறகு இடிப்பு. அதற்கும் விண்ணப்பம் உண்டு, எண் உண்டு, பதிவேடு உண்டு. இருப்பதிலேயே சுருக்கமான ஆவணம் அதுதான்: எந்த இடம், எத்தனை மாடி, செங்கல்லா மரமா, யார் கேட்டது, எப்போது. ஆனாலும் ஒரு வீட்டின் வாழ்வுக்கு மறு எல்லை போடுவது அது ஒன்றே. இடிந்த வீட்டைப் பற்றி யாரும் பெருமையாக எழுதி வைப்பதில்லை. இடிப்புப் பதிவு இல்லாவிட்டால் அந்த வீடு எந்த ஆண்டுவரை நின்றது என்றே தெரியாமல் போயிருக்கும்.

தாள்களே இடிபடப் பார்த்த கதையும் இருக்கிறது. 1938இல் ஒண்டுக்குடித்தனத் துறை வேறொரு துறையோடு கலந்தது. 1970-களில் கட்டடத் துறை தன் பழைய கோப்புகளை மைக்ரோஃபிலிமில் ஏற்றிவிட்டு மூலத்தைக் கழிக்க முற்பட்டபோது, நகர ஆவணக் காப்பகம் கீழ் மன்ஹாட்டனின் வரைபடங்களை எடுத்துக்கொண்டது. தீவின் தென்முனையிலிருந்து 34-ஆவது தெரு வரையான கட்டடங்கள், 1866 முதல் நூறு வருஷத்துக்கு மேல். ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் பல ஆண்டுகள் கட்டடங்களின் கதைகளை எழுதிய கிறிஸ்டஃபர் கிரே, 1900-க்குப் பிந்தைய மன்ஹாட்டன் புதுக் கட்டட அனுமதிகளைத் தேடக்கூடிய பட்டியலாக்கிப் பொதுவில் வைத்தார். அவர் 2017இல் காலமானார். பட்டியல் இன்னும் பயன்படுகிறது. ஐ-கார்டுகள் வீட்டுவசதித் துறையிடம் வந்து சேர்ந்தன. அங்கே அவை இன்னும் உயிரோடிருக்கும் சட்ட ஆவணம். 1938-க்கு முன் கட்டிய வீட்டுக்குக் குடியிருப்புச் சான்றிதழ் கட்டாயமில்லை என்பதால், இந்தக் கட்டடத்தில் சட்டப்படி எத்தனை குடித்தனம் இருக்கலாம் என்று தகராறு வந்தால் வக்கீல்கள் அந்த அட்டையைத்தான் தேடிப் போகிறார்கள்.

அட்டையும் எண்ணும் எப்போதும் குடித்தனக்காரர் பக்கமே நின்றன என்று நினைத்துவிடக் கூடாது. கீழ்க்கிழக்கு மன்ஹாட்டனில் செரி, கேத்தரின், ஹாமில்டன், மார்க்கெட் தெருக்களுக்கு நடுவே ஒரு பிளாக் இருந்தது. காசநோய் ஒழிப்புப் பிரசாரத்துக்காக 1903இல் அதைப் பற்றி எழுதியவர் எர்னஸ்ட் பூல் என்ற இளைஞர், பிற்காலத்தில் நாவலுக்கான முதல் புலிட்சர் பரிசு பெற்றவர். ‘நுரையீரல் பிளாக்’ என்ற பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. முப்பது வருஷம் கழித்து அந்தப் பெயரே அதை இடிக்கக் காரணமானது. 1933இல் எல்லாம் தரைமட்டம். 1934இல் அந்த இடத்தில் நிக்கர்பாக்கர் வில்லேஜ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு திறந்தது. ஹாமில்டன் தெருவே வரைபடத்திலிருந்து போய்விட்டது. 2019இல் ஸ்டெஃபானோ மொரெல்லோவும் கெர்ரி கல்ஹேனும் நகர ஆவணத் துறையின் கட்டடத்திலேயே ஒரு கண்காட்சி வைத்து, அந்தப் பெயருக்குப் பின்னால் மறைந்துபோன இத்தாலியக் குடியேறிகளின் வாழ்க்கையை எடுத்துக் காட்டினார்கள். ஒரு காலத்தில் பிளாக்கைக் குற்றம் சாட்டிய அதே வகைத் தாள்கள், வேறு கேள்வி கேட்டபோது அங்கே வாழ்ந்த ஒரு சமூகத்தைக் காட்டின.

இடித்தபோது வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்பது எந்த இடிப்புப் பதிவேட்டிலும் இல்லை. அதைத் தேடிப் போனது ஓர் அறக்கட்டளை. லாவன்பர்க் அறக்கட்டளை 386 குடும்பங்களைப் பின்தொடர்ந்து 1933இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்தது வேறு பழைய ஒண்டுக்குடித்தனங்களுக்கு. புதிதாக எழும்பிய குடியிருப்பின் வாடகை அவர்களுக்குக் கட்டுபடியாகவில்லை. அவர்கள் குடியேறிய வீடுகள் எப்படி இருந்தன என்று கேட்பவர் மறுபடி அட்டையைத்தான் புரட்ட வேண்டும். அந்த வீடுகளுக்கும் ஷாஃப்ட் எத்தனை அங்குலம், கழிப்பறை எந்த நடையில், எத்தனை அறைக்கு ஜன்னலில்லை என்று அதில் எழுதியிருக்கிறது.